நீள்கணு முசுறு: கென்யக் கடற்கரைக் காட்டில் ஐந்து நாள்

முதல் நாள்: லிகோனி வழியாக குவாலே

மொம்பாசா ஒரு தீவு. அங்கிருந்து தெற்குக் கரைக்குப் போக லிகோனியில் படகேற வேண்டும். நடந்து ஏறுகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அக்கரையில் இறங்கியதும் மட்டாட்டு எனப்படும் வேன்கள் வரிசையாக நிற்கும். கொம்பானி சந்திப்பில் வலப்பக்கம் திரும்பிச் சாலை மேலேறுகிறது. தென்னையும் முந்திரியும் மாமரமும் பின்தங்க, குவாலே ஊர். ஊரைத் தாண்டினால் ஷிம்பா குன்றுகள். உச்சி 400 மீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் கடல் ஈரம் நேராக வந்து மோதுவதால் காடு பச்சைப்பசேல் என்று நிற்கிறது. 1968இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். சுற்றுலாப் பயணிகள் யானைக்கும் சேபிள் மானுக்கும் வருவார்கள். இந்தத் தொடர் ஓர் எறும்புக்கானது.

ஈகோஃபில்லா லாங்கினோடா. நம் ஊர் மாமரத்தில் இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டும் முசுறு இருக்கிறதே, சங்கப் பாடல்களில் முயிறு என்று வருவது, அது ஈகோஃபில்லா ஸ்மராக்டினா. அதன் ஆப்பிரிக்க உடன்பிறப்பு இது. இந்தப் பேரினத்தில் இன்று வாழ்வதாகப் பரவலாக ஏற்கப்பட்டவை இந்த இரண்டு இனங்கள்தான். ஆசியாவும் ஆஸ்திரேலியாவும் ஒன்றுக்கு, சகாராவுக்குத் தெற்கே உள்ள வெப்பமண்டல ஆப்பிரிக்கா மற்றொன்றுக்கு. லாங்கினோடா என்றால் லத்தீனில் நீண்ட கணு. ஆகவே தொடர் முழுக்க இதை நீள்கணு முசுறு என்றே சொல்வோம். கடற்கரை சுவாஹிலியில் இதற்குப் பெயர் மாஜி மோட்டோ, அதாவது வெந்நீர். கடிபட்டவருக்கு விளக்கம் தேவைப்படாது.

கிளம்பும் முன் ஒரு வேலை உண்டு. கென்யாவில் எறும்பு சேகரிக்க ஆராய்ச்சி அனுமதியும் வனவிலங்குத் துறையின் ஒப்புதலும் கட்டாயம். "ஓர் எறும்புதானே" என்ற நினைப்பு இங்கே எடுபடாது. 2025இல் ஆயிரக்கணக்கான உயிருள்ள எறும்புகளைச் சோதனைக் குழாய்களில் அடைத்துக் கடத்த முயன்ற 4 பேருக்கு நைரோபி நீதிமன்றம் தலா 10 லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது. அவை வேறு இனம், விதை சேர்க்கும் எறும்புகள். சட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அனுமதி இல்லாதவர்கள் 10 மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையால் பார்த்து, படம் எடுத்து, அங்கேயே விட்டுவிடலாம். அடையாளம் காண அதுவே போதும்.

இரண்டாம் நாள்: காட்டின் விளிம்பு

அடர்காட்டின் உள்ளே தேடினால் ஏமாற்றம்தான். நீள்கணு முசுறு வெயிலும் இளந்தளிரும் உள்ள இடத்தில் கூடு வைக்கும்: உச்சிக் கிளைகள், காட்டின் ஓரம், பாதைக்காக மரம் வெட்டிய இடைவெளி. கண்மட்டத்தில் பார்க்க விளிம்புதான் வசதி. இங்கே யானைகள் இருப்பதால் வண்டியை விட்டு இறங்கி நடக்க வனக்காவலர் துணை வேண்டும். காலை 7 மணிக்குத் தொடங்கலாம். வெயில் ஏறியதும் தண்டுகளில் போக்குவரத்து கூடும்.

கூட்டைத் தேடுவதைவிட வரிசையைத் தேடுவது எளிது. அடிமரத்தின் நிழல் பக்கம் 5 நிமிடம் பார்க்க வேண்டும். மேலும் கீழும் போகும் எறும்புகள் எதிரெதிரே சந்தித்தால் கணநேரம் நின்று உணர்கொம்பால் தொட்டுக்கொள்ளும். நீண்ட கால்களில் உடலைத் தூக்கி, விட்டுவிட்டு ஓடும் நடை. விரலைக் கிட்டே கொண்டுபோனால் மற்ற எறும்புகளைப் போல ஓடாது. நின்று, தாடையை விரித்து, பின்வயிற்றை முதுகுக்கு மேலே வளைத்துத் தூக்கும். இந்த நிலை ஒன்றே பேரினத்தை ஏறக்குறைய உறுதி செய்துவிடும். வாலைத் தூக்கும் எறும்பு இன்னொன்றும் இங்கே உண்டு, கிரிமடோகாஸ்டர். அதன் வயிறு மேலிருந்து பார்த்தால் இதய வடிவம், இடுப்பில் இரண்டு கணு, உடலும் மிகச் சிறியது. முசுறுக்கு இடுப்பில் ஒரே கணு.

இன்னொரு ஏமாற்று வேலைக்காரனும் இதே இலைகளில் திரிகிறது: மிர்மராக்னி ஃபோயினிசெக்ஸ் என்ற குதிக்கும் சிலந்தி. நிறம், இடுப்பு, நடை எல்லாம் முசுறு. முன்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். கால்களை எண்ணினால் எட்டு. பயந்தால் நூல் விட்டுக் கீழே தொங்கும், எறும்பு அப்படித் தொங்காது.

கூடு என்பது உயிருள்ள இலைகளை வெண்பட்டால் ஒட்டிய பை. காய்ந்த பழுப்பு இலையால் ஆனது பெரும்பாலும் கைவிட்ட கூடு. பச்சையாக இருந்து, ஓரங்களில் புதுப்பட்டு பளபளத்தால் உள்ளே ஆளிருக்கிறது. ஒரு குடியில் இப்படிப் பல கூடுகள், பல மரங்களில். முட்டையிடும் அரசி ஒன்றுதான், ஏதோ ஒரு கூட்டில் இருக்கும். முழு வளர்ச்சியடைந்த குடியில் ஐந்து லட்சம் தொழிலாளிகள் வரை இருப்பார்கள்.

கடி பற்றி. இதற்குக் கொடுக்கு இல்லை. தாடையால் கடித்து, அந்தப் புண்ணில் ஃபார்மிக் அமிலத்தைத் தெளிக்கும். ஒன்று கடித்தால் உடனே பத்து வருவதற்குக் காரணம் தாடைச் சுரப்பி. இந்த இனத்தை வைத்தே 1970களில் பிரித்தறிந்த வேதியியல் இது. முதலில் பரவும் ஹெக்ஸனல் சுற்றியுள்ளவற்றை உசுப்பும். அடுத்து ஹெக்ஸனால் என்ற அதன் ஆல்கஹால் வடிவம், இடத்தை நோக்கி இழுக்கும். மெதுவாக ஆவியாகும் மற்ற இரண்டு சேர்மங்கள் அருகில் வந்ததைக் கடிக்க வைக்கும். ஆகவே கையில் ஏறியதை நசுக்குவதுதான் ஆகப்பெரிய தவறு. ஊதினாலும் பயனில்லை, இன்னும் இறுகப் பிடிக்கும். பக்கவாட்டில் விரலால் சுண்டிவிட வேண்டும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, மணிக்கட்டில் முகப்பவுடரோ விறகுச் சாம்பலோ பூசினால் பாதத்தின் ஒட்டும் பட்டைகள் வழுக்கிவிடும். தோட்டக்காரர்கள் செய்வது இதைத்தான்.

மூன்றாம் நாள்: வில்லையின் கீழ்

இன்று நடை இல்லை, மேசை வேலை. அனுமதியோடு எடுத்த தொழிலாளிகளை நேரடியாக 95 விழுக்காடு எத்தனாலில் போட்டிருக்கிறோம். உயிரோடு குப்பியில் அடைத்து அறைக்குக் கொண்டுவருவது பலர் செய்யும் பிழை: மிரண்ட எறும்புகள் அமிலத்தைப் பீய்ச்சி, மூடிய குப்பிக்குள் தம் ஆவியிலேயே மடிந்துபோகும். கால்களும் உணர்கொம்பும் முறுக்கி, அளக்க முடியாத நிலையில் கிடைக்கும். உயிரோடு பார்க்கவேண்டுமானால் ஒரு குப்பிக்கு இரண்டு மூன்றாக, பனிக்கட்டிப் பெட்டியில் சில நிமிடம் வைத்தால் அடங்கும்.

தலையிலிருந்து தொடங்குவோம். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் பின்புறம் அகன்று தாடைப் பக்கம் குறுகும் தலை. கண்கள் பெரியவை, புடைத்தவை. தாடை நீளமான முக்கோணம், உள்விளிம்பில் பத்துக்குக் குறையாத பற்கள், நுனிப்பல் கொக்கி போல வளைந்தது. பற்களை எண்ண இரண்டு தாடைகளும் திறந்திருக்க வேண்டும். மூடிய தாடையில் எண்ணினால் எண்ணிக்கை எப்போதும் குறையும். முகத்தகட்டின் முன்விளிம்பு தாடையின் அடிப்பகுதியை மூடி நிற்கும். வாய்க்குக் கீழே உணரிழைகள் மேல்வாயில் 5 கணு, கீழ்வாயில் 4. முசுறு சேர்ந்துள்ள ஃபார்மிசினே துணைக்குடும்பத்தில் பரவலாகக் காண்பது 6, 4. இந்த ஒரு கணு குறைவு கண்ணில் பட 40 மடங்காவது உருப்பெருக்கம் வேண்டும். அடையாளத்துக்கு இது அவசியம் என்பதில்லை, ஆனால் பார்த்துவிட்டால் மனம் நிறையும்.

உணர்கொம்பில் 12 துண்டுகள். முதல் துண்டு நீண்ட தண்டு. அதற்கடுத்த துண்டும் நீண்டது, தொடர்ந்து வரும் இரண்டைச் சேர்த்தாலும் அதற்குக் குறையாது. இது நல்ல அடையாளம், கைவில்லைக்கே தெரியும். ஆண் எறும்புக்கு 13 துண்டுகள் என்பதால், எண்ணும்போது அது தொழிலாளியா ஆணா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

நடுவுடல் ஒல்லி. முன்மார்புக்குப் பின்னே இடுங்கி, சேணம் போலத் தாழ்கிறது. முள் கிடையாது. இதே மரங்களில் பட்டு வைத்துக் கூடு கட்டும் பாலிராக்கிஸ் எறும்புகளுக்கு முதுகிலோ கணுவிலோ முள் இருக்கும், ஆகவே குழப்பம் வராது. பல எறும்புகளுக்கு நடுவுடலின் பின்மூலையில் கிருமிகளைத் தடுக்கும் சுரப்பியொன்றின் வாய் திறந்திருக்கும். முசுறுக்கு அது இல்லை. பாலிராக்கிஸுக்கும், கட்டெறும்பு வகையான பெரும்பாலான காம்போனோட்டஸுக்கும் இல்லை.

இப்போது பெயரைச் சுமக்கும் உறுப்பு. நடுவுடலையும் பின்வயிற்றையும் இணைக்கும் இடைக்கணு. பெரும்பாலான ஃபார்மிசினே எறும்புகளில் இது நிமிர்த்தி வைத்த செதில் போல இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் சின்னக் கோபுரம். நீள்கணு முசுறில் கோபுரமே இல்லை. நீண்ட குழல், மேலே மெல்லிய மேடு, அவ்வளவுதான். ஏன் இப்படி என்பது பின்வயிறு தூக்குவதைப் பார்த்தவருக்குப் புரியும். செதில் நிமிர்ந்து நின்றால் பின்வயிறு அதில் முட்டும். மேடு தாழ்ந்து, மூட்டும் மேலே அமைந்திருப்பதால் வயிறு முன்னே மடங்கி நடுவுடலின் மேலேயே கவிழ முடிகிறது.

கால் நுனியில் இரு நகங்களுக்கு நடுவே பெரிய ஒட்டும் பட்டை. நம் ஊர் முசுறு கண்ணாடிப் பரப்பில் தலைகீழாகத் தொங்கியபடி தன் எடையைப்போல் 100 மடங்குக்கு மேல் தாங்கும். ஆப்பிரிக்க இனத்துக்கும் அதே பட்டை, அதே வேலை.

அளவுகள். மொத்த நீளத்தை மட்டும் எழுதிவைக்கும் வழக்கம் பயனற்றது. பின்வயிறு தேன் குடித்தால் உப்பும், எத்தனாலில் சுருங்கும். ஒரே எறும்பு இரண்டு நாளில் இரண்டு நீளம் காட்டும். ஆகவே மாறாத பகுதிகளை அளக்க வேண்டும்: தலையின் நீளம், தலையின் அகலம், உணர்கொம்புத் தண்டு, நடுவுடலின் முன்விளிம்பிலிருந்து பின்கீழ் மூலை வரை சாய்வாக எடுக்கும் நீளம். தலை அகலத்தைத் தலை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் தலைக்குறியீடு. தலையைச் சரியாக நேர்முகமாக வைக்காவிட்டால் நீளம் குறைந்து, குறியீடு பொய்யாக ஏறும். முகத்தகட்டின் முன்விளிம்பும் தலையின் பின்விளிம்பும் ஒரே குவியத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பதே சோதனை.

ஒரு குடியிலிருந்து 50 தொழிலாளிகளின் தலை அகலத்தை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் இரண்டு குவியல் எழும், நடுவில் ஆள் குறைவு. பெரிய தொழிலாளி 8 முதல் 10 மில்லிமீட்டர், சிறியது கிட்டத்தட்ட அதில் பாதி. மற்ற எறும்புகளில் சிறியவை வேலைக்குப் போகும், பெரியவை காவலிருக்கும். இங்கே தலைகீழ்: இரை பிடிப்பதும் சண்டையும் கூடு கட்டுவதும் பெரியவை, எண்ணிக்கையிலும் அவையே அதிகம். சிறியவை கூட்டுக்குள் முட்டையையும் இளம்புழுவையும் பார்த்துக்கொண்டு, உள்ளே வைத்திருக்கும் செதில்பூச்சிகளிடம் தேன் கறக்கும். ஆகவே மரத்தண்டிலிருந்து மட்டும் பிடித்துவந்தால் பாதி இனம்தான் கையில் இருக்கும். ஒரு கூட்டையாவது திறக்க வேண்டும்.

திறந்தால் இன்னொன்றும் தெரியும். கூட்டுப்புழுக்களுக்குக் கூடே கிடையாது, வெள்ளையாக வெறும் உடம்போடு கிடக்கும். தனக்குச் சுற்றிக்கொள்ள வேண்டிய பட்டு நூலை, புழுப்பருவத்தின் கடைசிக் கட்டத்தில் குடிக்கு ஈந்துவிடுகிறது. தொழிலாளி அந்தப் புழுவைத் தாடையில் கவ்வி, இலை ஓரத்துக்குக் கொண்டுபோய், உணர்கொம்பால் தட்ட, புழு நூலை விடும். எதிர் இலைக்கும் இந்த இலைக்குமாகத் தறியின் நாடாக் கட்டை போலப் போய்வரும். இலைகளை இழுத்துப் பிடித்திருப்பது வேறு எறும்புகள். இடைவெளி அதிகமானால் ஒன்றின் இடுப்பை மற்றொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கும். நீண்ட இடைக்கணு அங்கே நல்ல கைப்பிடி.

நான்காம் நாள்: மழை, பெயர்கள்

காலையிலிருந்து கொட்டுகிறது. இந்த மழையில் தண்டுகள் காலியாகிவிடும், எனவே பெயர்க் கணக்கைப் பார்க்கலாம்.

1802இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய் இதை ஃபார்மிகா லாங்கினோடா என்று விவரித்தார். அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லா எறும்பும் ஃபார்மிகாதான். 1860இல் ஃபிரெடெரிக் ஸ்மித் ஈகோஃபில்லா என்ற பேரினத்தை நிறுவினார். கிரேக்கத்தில் ஓய்க்கோஸ் வீடு, ஃபில்லோன் இலை. இலைவீடு. பிற்பாடு பேரினம் மாறியதால்தான் இன்று முழுப்பெயரின் பின்னே லத்ரேய், 1802 என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். அடைப்புக்குறி இல்லையென்றால், முதலில் விவரித்தவரே இந்தப் பேரினத்தில் வைத்தார் என்று பொருளாகிவிடும். பெயர்ச்சீட்டு எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. குடும்பம் ஃபார்மிசிடே, துணைக்குடும்பம் ஃபார்மிசினே, இனக்குழு ஈகோஃபில்லினி. அந்தக் குழுவில் வாழும் பேரினம் இது ஒன்றே.

நம் ஊர் இனத்தின் பெயரான ஸ்மராக்டினா, கிரேக்க ஸ்மராக்டோஸிலிருந்து வந்தது. மரகதம் என்ற சொல்லுக்கு உறவு. தமிழ்நாட்டில் தொழிலாளி செம்பழுப்பு, அரசிதான் பச்சை.

நீள்கணு முசுறின் நிறம்தான் பலரைக் கவிழ்த்தது. வெளிர்மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வழியாகக் கருப்பு வரை எல்லாம் உண்டு. ஒவ்வோர் ஊரிலிருந்தும் நாலைந்து எறும்பு ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்ச்சேர, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் பிறந்தது. 1899இல் எமெரியின் ஃபுஸ்கா, அதாவது கருநிறம். 1907இல் ஃபொரெலின் ரூப்ரிசெப்ஸ், செந்தலை. 1909இல் சான்ச்சியின் டெக்ஸ்டர், நெசவாளி. நெய்யாத முசுறு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. 1922இல் வீலரின் அனெக்டென்ஸ். எல்லாவற்றையும் மிஞ்சியது 1890இல் ஆந்த்ரே வைத்த ப்ரெவினோடிஸ், குறுங்கணு. இன்று இவையெல்லாம் ஒரே இனத்தின் இணைப்பெயர்கள். அதாவது குறுங்கணுவும் நீள்கணுவும் ஒன்றே என்று பட்டியல் சொல்கிறது.

சிரிப்பு வந்தாலும் அந்தப் பிழையின் வழி தெளிவு. ஒன்றிரண்டு எறும்பை வைத்து இனம் பிரித்தால், ஒரே குடிக்குள் இருக்கும் வேறுபாடு இரண்டு இனங்களின் வேறுபாடாகத் தெரியும். பெரியதுக்கும் சிறியதுக்கும் அளவு மட்டுமல்ல, உறுப்புகளின் விகிதமும் மாறும். எத்தனால் வேறு நிறத்தைக் கரைத்து வெளுக்கும். இதனால்தான் ஒரு குப்பிக்கு ஒரே குடி. அதில் பெரியது 10, சிறியது 10, கிடைத்தால் ஆண், சிறகுள்ள பெண், கூட்டுப்புழு. இரண்டு மரத்து எறும்புகளை ஒரே குப்பியில் போட்டால் அந்தச் சேகரிப்பு அன்றே வீண்.

இந்த இரண்டளவு ஏற்பாடு எவ்வளவு பழையது என்பதற்குச் சான்றும் கென்யாவிலேயே இருக்கிறது, ஆனால் நாட்டின் மறுகோடியில். விக்டோரியா ஏரியின் ம்ஃபங்கானோ தீவில், ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் பழைய மியோசீன் காலப் பாறையில், ஒரு முசுறுக் குடியே கல்லாகிக் கிடைத்தது. 1964இல் எறும்பியலாளர்கள் வில்சனும் டெய்லரும் ஈகோஃபில்லா லீக்கியை என்று பெயரிட்டனர். மொத்தம் 366 மாதிரிகள்: 197 தொழிலாளிகள், 105 புழுக்கள், 64 கூட்டுப்புழுக்கள். தொழிலாளிகளை அளந்தால் இன்று போலவே இரண்டு குவியல். தனி எறும்பாகக் கிடைக்காமல் குடியாகக் கிடைத்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

மாலையில் மழை விட்டது. நேரம் இருந்ததால் ஊசியேற்றும் வேலை. முக்கோணமாக வெட்டிய கெட்டி அட்டையின் நுனியைச் சற்றே கீழே வளைத்து, நீரில் கரையும் பசை ஒரு சொட்டுத் தொட்டு, எறும்பின் வலப்பக்கம், நடுக்கால் கடைக்கால் அடிகளுக்கு இடையே ஒட்ட வேண்டும். பசை அதிகமானால் இடைக்கணுவின் அடிப்பக்கம் மூடிவிடும், இந்த எறும்பில் அதை மூடினால் வைத்திருந்தும் பயனில்லை. ஒட்டும் முன் எறும்பை வடிதாளில் ஒற்றி உலர்த்தாவிட்டால் பசை பிடிக்காது.

ஐந்தாம் நாள்: குன்றிலிருந்து தோட்டத்துக்கு

கீழிறங்கினால் டியானிக் கடற்கரைப் பக்கத்துத் தென்னந்தோப்பும் முந்திரியும். காட்டு விளிம்பில் பார்த்த அதே எறும்பு இங்கே வேலைக்கு அமர்ந்திருக்கிறது. இளங்காய்கள் உதிர்வதற்குக் காரணமான சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி சூடோதெராப்டஸ் வாயி. 1950களில் சான்சிபாரில் முசுறையும் இந்தப் பூச்சியையும் ஆராய்ந்த வே என்பவரின் பெயர் அதில் இருக்கிறது. முசுறு ஏறிய தென்னையில் இந்தப் பூச்சி தங்காது.

பிரச்சினை தரையில் இருக்கிறது. ஃபெய்டோலே மெகாசெஃபலா என்ற பெருந்தலைச் சிற்றெறும்பு அடிமரத்தைப் பிடித்துக்கொண்டால் முசுறு இறங்கவும் முடியாது, பரவவும் முடியாது. அதனால் தோட்டக்காரர்கள் முசுறுக் கூட்டை வெட்டிவந்து வேறு மரத்தில் கட்டும் முன் அடிமரத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். மண் பொடித்துக் குவிந்து, சிறிய பழுப்பு எறும்புகளுக்கு நடுவே தலை பெருத்தவை தெரிந்தால் அங்கே வைத்துப் பயனில்லை.

கூடுகளை மாற்றும்போது அவை ஒரே குடியைச் சேர்ந்தவையா என்று தெரிய வேண்டும், இல்லையெனில் இரண்டும் அடித்துக்கொண்டு அழியும். சோதனை எளிது: இந்த மரத்துப் பெரிய தொழிலாளி ஒன்றை இடுக்கியால் எடுத்து அந்த மரத்து வரிசையில் விட வேண்டும். தொட்டுப் பார்த்து விட்டுவிட்டால் ஒரே குடி. கால்களை நாலாபக்கமும் பிடித்து இழுத்து நீட்டினால் வேறு குடி. ஷிம்பா குன்றுகளில் எறும்பியலாளர் ஹோல்டோப்ளர் குடி எல்லைகளைப் பார்த்தபோது ஒரே குடி 17 மரங்கள் வரை பிடித்திருந்தது. அவரும் வில்சனும் 1977இல் காட்டியது: முசுறுகள் மலத்துளியால் எல்லை குறிக்கின்றன, அந்த வாசனை குடிக்குக் குடி வேறு.

இந்தத் தோட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு முந்திரி மரங்களில் ஒன்றில் வெளிர்நிற முசுறு, மற்றொன்றில் கருத்தது. நூறு ஆண்டுக்கு முன்பென்றால் இரண்டு பெயர் வைத்திருப்பார்கள். சோதித்ததில் எறும்புகள் இழுத்து நீட்டின. வேறு குடிகள், அவ்வளவே. வில்லையில் உணர்கொம்புத் துண்டும் இடைக்கணுவும் ஒன்றுபோலவே இருந்தன.

இரண்டு குப்பி, இரண்டு சீட்டு. எத்தனாலில் கரையாத மையால், குப்பிக்கு உள்ளேயே இட எழுதியது: கென்யா, குவாலே வட்டாரம், டியானிக்கு மேற்கே, முந்திரித் தோட்டம், கூடு தரையிலிருந்து 2 மீட்டர், பெரிய தொழிலாளி 10, சிறியது 10, ஆண் இல்லை, சேகரித்தவர், நாள், அனுமதி எண். கடைசி வரி ஒன்றில் "உயிருடன் இருக்கையில் நிறம்: வெளிர்மஞ்சள்", மற்றதில் "உயிருடன் இருக்கையில் நிறம்: கரும்பழுப்பு".